கூடி வாழும் கிருமிகள்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு சின்ன வேலை. உங்கள் கையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, வாய்ப்பகுதியின் உட்புறத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்பாக ஏதாவது தட்டுப்படுகிறதா? சிலர் சிரிக்கிறீர்கள். சிலர் பாட்டிலை மெதுவாகப் பைக்குள் வைக்கிறீர்கள். கூச்சப்பட வேண்டாம். நன்றாகத் தேய்த்துக் கழுவாத எந்தப் பாட்டிலிலும் அது இருக்கும். மேல்நிலைத் தொட்டியின் சுவரில், குளியலறைக் குழாயின் முனையில், ஆற்றங்கரைக் கல்லில், நம் பற்களில் என்று ஈரம் தங்குகிற எல்லா இடத்திலும் அது இருக்கிறது. அதற்கு உயிர்ப்படலம் என்று பெயர். பயோஃபிலிம் என்றும் சொல்வார்கள்.

பாட்டிலில் இருக்கும் வழுவழுப்பைத் தேய்த்துக் கழுவிவிடலாம். அதே படலம் ஒரு நோயாளியின் நுரையீரலில், சிறுநீர்க் குழாயில், ஆறாத புண்ணில் உருவானால் என்ன செய்வது? அங்கே ஆன்டிபயாடிக் மருந்துகள் ஏன் தோற்கின்றன? இதை மருத்துவ மாணவர்களுக்கு மட்டும் சொன்னால் போதாது, ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று ஏன் நினைக்கிறேன்? இவைதான் இன்றைய உரையின் பொருள்.

பாடநூலில் உள்ள படம்

பாக்டீரியா என்றதும் நம் மாணவர்கள் எதை வரைகிறார்கள்? ஒரு கோல், ஒரு உருண்டை, ஒரு சுருள். பக்கத்தில் ஒரு வால்போல கசையிழை. தனியாக, நீரில் மிதக்கும் ஒரு செல். படம் தவறில்லை. ஆனால் அது பாக்டீரியாவின் வாழ்க்கையில் ஒரு பகுதியை மட்டுமே காட்டுகிறது. இயற்கையில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் ஏதோ ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, கூட்டமாக, தாங்களே சுரந்த பசைக்குள் புதைந்து வாழ்கின்றன. தனிமரம் தோப்பாகாது என்பது நமக்குத் தெரிந்ததைப் போலவே அவற்றுக்கும் தெரியும்.

இதை முதலில் பார்த்தவர் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லீவன்ஹுக். தினமும் உப்பு போட்டுப் பல் துலக்குபவர், துணியால் துடைப்பவர். அப்படியிருந்தும் பல்லிடுக்கில் மாவுபோல ஒட்டியிருந்த வெள்ளைப் பொருளை எடுத்து, தாமே செய்த உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். அதில் சின்னஞ்சிறு உயிரிகள் ஓடித் திரிந்தன. 1683ஆம் ஆண்டு செப்டம்பரில் லண்டன் ராயல் சங்கத்துக்கு இதைக் கடிதமாக எழுதினார். இன்னொன்றையும் அவர் கவனித்தார். காடியால், அதாவது வினிகரால் வாய் கொப்பளித்துப் பார்த்தபோது, அந்தப் படிவின் வெளிப்புறத்தில் இருந்த உயிரிகள் மட்டுமே செத்தன. உள்ளே இருந்தவை அப்படியே இருந்தன. ஆன்டிபயாடிக் என்ற சொல்லே இல்லாத காலத்தில், இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் நாம் எதிர்கொள்ளும் சிக்கலை அவர் தம் பல்லிலேயே கண்டுவிட்டார்.

பிறகு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராபர்ட் காக் வந்தார். ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்று நிரூபிக்க, அந்தக் கிருமியைத் தனியே பிரித்து ஆய்வகத்தில் வளர்க்கும் முறையை உருவாக்கினார். மருத்துவத்தையே மாற்றிய முறை அது. ஆனால் அதற்குப் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம், ஊட்டச்சத்து நிறைந்த திரவத்தில் தனித்தனியாக மிதக்கும் பாக்டீரியாவையே நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். மருந்தையும் அதன் மேல்தான் சோதித்தோம். கனடாவில் பணியாற்றிய பில் காஸ்டர்டனும் அவருடைய சக ஆய்வாளர்களும் மலை ஓடைக் கற்களிலும் மாட்டின் இரைப்பையிலும் பாக்டீரியாக்கள் எப்படி ஒட்டி வாழ்கின்றன என்று ஆராய்ந்து, 1978இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய பிறகுதான் மருத்துவ உலகம் மெல்லத் திரும்பிப் பார்த்தது.

படலம் எப்படி உருவாகிறது?

வகுப்பில் இதை ஒரு ஊர் உருவாகும் கதையாகச் சொல்லலாம்.

முதலில் ஒரு சில பாக்டீரியாக்கள் ஒரு பரப்பில் வந்து படிகின்றன. இந்தக் கட்டத்தில் பிடிப்பு பலவீனம். தண்ணீர் வேகமாக ஓடினால் அடித்துப் போய்விடும். தங்கிவிட்டவை பசை சுரக்கத் தொடங்குகின்றன. அது கூட்டுச் சர்க்கரைகள், புரதங்கள், செல்லுக்கு வெளியே விடப்பட்ட டி.என்.ஏ. இழைகள் எல்லாம் கலந்த ஒரு கூழ். இப்போது பிடிப்பு உறுதியாகிவிட்டது. அடுத்து அவை பெருகிச் சிறு குவியல்களாகின்றன. குவியல்களுக்கு இடையே நீர் போய்வர வாய்க்கால்கள் உருவாகின்றன. முதிர்ந்த படலத்தின் உலர் எடையில் பாக்டீரியா செல்களின் பங்கு பெரும்பாலும் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மீதி எல்லாம் பசைதான். கடைசியில் படலத்திலிருந்து சில பிரிந்து சென்று புதிய இடத்தில் குடியேறுகின்றன.

இவ்வளவு ஒழுங்காக வேலை நடக்க ஒன்றுக்கொன்று பேச வேண்டாமா? பேசுகின்றன, வேதிப்பொருள் வழியாக. ஒவ்வொரு செல்லும் ஒரு சமிக்ஞை மூலக்கூறைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. கூட்டம் சிறிதாக இருக்கும்போது அது நீரில் கரைந்து போய்விடும். கூட்டம் பெருகப் பெருக அதன் செறிவு ஏறுகிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும், ‘ஆள் சேர்ந்துவிட்டது, வேலையைத் தொடங்கலாம்’ என்று எல்லாச் செல்களிலும் சில மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. கடலில் வாழும் ஒளிரும் பாக்டீரியா ஒன்றில், அமெரிக்க ஆய்வாளர்கள் நீல்சனும் ஹேஸ்டிங்ஸும் 1970இல் இதைக் கண்டார்கள். கூட்டம் போதிய அளவுக்குப் பெருகும்வரை அந்த பாக்டீரியாக்கள் ஒளிர்வதே இல்லை. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பது அங்கேயும் சட்டம்.

மருந்து ஏன் தோற்கிறது?

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். எதிர்ப்புத்திறன் ஒன்று, தாக்குப்பிடிக்கும் தன்மை இன்னொன்று.

எதிர்ப்புத்திறன் என்பது மரபணுவில் எழுதப்பட்ட மாற்றம். மருந்தைச் சிதைக்கும் நொதி, மருந்தை வெளியே தள்ளும் இறைப்பான், மருந்து ஒட்ட முடியாதபடி மாறிய புரதம் என்று அதற்குப் பல வழிகள் உண்டு. அந்த பாக்டீரியாவைத் தனியே எடுத்து எங்கே வளர்த்தாலும் அந்தத் திறன் அதனிடமும் அதன் சந்ததியிடமும் இருக்கும்.

தாக்குப்பிடித்தல் அப்படி அன்று. படலத்துக்குள் இருக்கும்வரை மருந்து கொல்வதில்லை. அதே பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து நீரில் மிதக்க விட்டால், அதே மருந்தில் செத்துவிடும். மிதக்கும் செல்லைக் கொல்லத் தேவையான அளவைப்போல நூறு மடங்கு, சில நேரம் ஆயிரம் மடங்கு மருந்தையும் படலம் தாங்குவதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். நோயாளியின் உடல் அந்த அளவு மருந்தைத் தாங்காது.

இதற்குக் காரணங்கள் பல. பசை சில மருந்துகளைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. ஆனால் இதை மட்டுமே காரணம் என்று மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டாம்; பல மருந்துகள் பசைக்குள் நன்றாகவே நுழைகின்றன. அதைவிட முக்கியமான காரணம், உள்ளே இருப்பவை ஏறத்தாழத் தூங்குகின்றன என்பது. மேலடுக்கில் உள்ளவை ஆக்சிஜனையும் உணவையும் எடுத்துக்கொள்வதால் ஆழத்தில் இருப்பவற்றுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கிறது. அவை வளர்வதை நிறுத்திவிடுகின்றன. பெனிசிலின் எப்படி வேலை செய்கிறது? பாக்டீரியா புதுச் செல்சுவர் கட்டும்போது அந்த வேலையைக் கெடுக்கிறது. சுவரே கட்டாமல் சும்மா கிடப்பதை அது என்ன செய்யும்?

அயர்லாந்தைச் சேர்ந்த ஜோசஃப் பிக்கர் என்ற மருத்துவர் 1944இலேயே இதைக் கவனித்தார். ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமியின் மேல் பெனிசிலின் விட்டால், ஏறத்தாழ எல்லாம் செத்துப்போகின்றன. பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில் மட்டும் பிழைக்கின்றன. பிழைத்ததை எடுத்து மறுபடி வளர்த்தால், அதன் பிள்ளைகள் பழையபடி பெனிசிலினுக்குச் சாகின்றன. ஆக, அது எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமி அன்று. அந்த நேரத்தில் உறங்கிக்கொண்டிருந்த கிருமி. படலத்தின் ஆழத்தில் இத்தகைய உறங்கும் செல்கள் அதிகம். மருந்து நின்றதும் அவை விழித்துக்கொண்டு ஊரை மறுபடி கட்டுகின்றன.

நம் வெள்ளணுக்களாலும் அங்கே பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை. ஒரு தனிச் செல்லை விழுங்க முடியும்; ஒரு மலையை எப்படி விழுங்குவது? விழுங்க முடியாமல் அவை கொட்டும் நொதிகள் பக்கத்திலிருக்கும் நம் திசுவையே அரிக்கின்றன.

கோபன்ஹேகன் குழந்தைகள்

இந்த உண்மைகளின் விலையை மிக அதிகமாகக் கொடுத்தவர்கள் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் கொண்ட குழந்தைகள். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் ஏறத்தாழ 2,500 முதல் 3,500 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு இந்த நோய் வருகிறது. நம் நாட்டிலும் உண்டு. பல குழந்தைகளுக்குக் கண்டறியப்படாமல் போகிறது. செல்லுக்குள் உப்பும் நீரும் போய்வரும் வழியை அமைக்கும் ஒரு மரபணுவில் பிழை. 1989இல் அந்த மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. பிள்ளைக்கு முத்தம் கொடுத்த தாய்க்கு அதன் நெற்றி உப்புக் கரிக்கும். நுரையீரலில் சளி பிசின்போலக் கெட்டியாகிவிடும். அதை வெளியேற்ற முடியாது.

அந்தச் சளியில் வந்து குடியேறுவது சூடோமோனாஸ் ஏருஜினோசா. நம் வீட்டுத் தொட்டியிலும் ஈர மண்ணிலும் சாதாரணமாக இருக்கும் கிருமி. நல்ல உடல்நிலையில் இருக்கும் உங்கள் நுரையீரலுக்குள் போனால் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்காது. இந்தக் குழந்தைகளின் நுரையீரலில் அது நிலைத்துவிட்டால், ஆல்ஜினேட் என்ற பசையைக் கொட்டி, படலம் கட்டி, ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். பிறகு எந்த மருந்தாலும் முழுமையாக வெளியேற்ற முடியாது. மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் நீல்ஸ் ஹொய்பி உள்ளிட்ட மருத்துவர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். கோட்டை கட்டிய பிறகு முற்றுகையிடுவதைவிட, முதல் செங்கல் வைக்கும்போதே தடுத்தால் என்ன? மாதந்தோறும் சளியைச் சோதித்தார்கள். சூடோமோனாஸ் முதன்முதலாகத் தென்பட்ட உடனே, நோய் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், முகரும் மருந்தாகக் கோலிஸ்டினும் மாத்திரையாக சிப்ரோஃப்ளாக்சசினும் கொடுத்தார்கள். 26 நோயாளிகளை 27 மாதங்கள் கவனித்த ஆய்வு 1991இல் லான்செட் இதழில் வந்தது. மருந்து பெற்ற 14 பேரில் 2 பேருக்குத்தான் கிருமி நிலையாகத் தங்கியது. பெறாத 12 பேரில் 7 பேருக்குத் தங்கிவிட்டது. அதே மருந்து, அதே கிருமி. படலம் கட்டுவதற்கு முன்னால் கொடுத்தார்கள் என்பதுதான் வேறுபாடு.

இந்தக் கதையில் என் மனத்தை அசைக்கும் செய்தி இன்னொன்று உண்டு. ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்கு இந்தக் கிருமி பரவும் என்று தெரிந்த பிறகு, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்கள் ஒருவரையொருவர் நெருங்கக் கூடாது, குறைந்தது ஆறடி தள்ளியே இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. தன் துன்பத்தை முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே தோழியின் கையை ஒரு சிறுமி பிடிக்க முடியாது. ஒரு வழுவழுப்புக்கு இவ்வளவு வலிமை.

நம் வீடுகளில்

இதே கதை நம் ஊரில் வேறு இடங்களில் நடக்கிறது. முதலாவது, சர்க்கரை நோயாளியின் பாதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் ஏறத்தாழ 10 கோடி பேருக்கு நீரிழிவு உள்ளது. இந்த அறையில் இருக்கும் நம்மிலும் சிலருக்கு இருக்கும். நாள்பட்ட நீரிழிவில் காலில் உணர்ச்சி மங்குகிறது. முள் குத்தியது தெரிவதில்லை. ரத்த ஓட்டமும் குறைகிறது. ரத்தத்தில் பயணிக்கும் மருந்து புண்வரை போதிய அளவு போய்ச் சேர்வதில்லை. அழுகிய சதையில் பல வகைக் கிருமிகள் சேர்ந்து படலம் கட்டுகின்றன. வீட்டில் என்ன நடக்கிறது? பேரனையோ பேத்தியையோ கூப்பிட்டு, ‘கடையில போய் புண்ணுக்கு ரெண்டு மாத்திரை வாங்கிட்டு வா’ என்கிறார்கள். இரண்டு நாளில் வலி குறைகிறது. மேலே மிதந்தவை செத்துவிட்டன. ஊர் அப்படியே இருக்கிறது. மறு வாரம் மறுபடி சீழ். மறுபடி இரண்டு மாத்திரை. விரலை எடுக்க வேண்டும், பாதத்தை எடுக்க வேண்டும் என்ற நிலைக்குப் பலர் இப்படித்தான் வந்து சேர்கிறார்கள். அந்தப் புண்ணுக்கு முதல் வைத்தியம் மாத்திரை அன்று. அழுகிய சதையை அகற்றிச் சுத்தம் செய்வதும், அந்தக் காலின் மேல் எடை விழாமல் பார்த்துக்கொள்வதும், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும்தான். மருந்து அவற்றோடு சேர்ந்துதான் வேலை செய்யும்.

இரண்டாவது, சிறுநீர்க் குழாய். படுக்கையில் கிடக்கும் முதியவருக்குக் குழாய் பொருத்திய பிறகு, ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 விழுக்காடு வாய்ப்பில் சிறுநீரில் கிருமி குடியேறுகிறது. ஒரு மாதம் குழாயுடன் இருந்தால் கிருமி இல்லாதவர் அநேகமாக இல்லை. சில கிருமிகள் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்கும்; சிறுநீர் காரத்தன்மை அடையும்; உப்புகள் படிகமாகிக் குழாயையே அடைத்துவிடும். வேதியியல் ஆசிரியர்களுக்கு இது ஒரு நல்ல எடுத்துக்காட்டு. செயற்கை மூட்டு, இதய வால்வு, டயாலிசிஸ் குழாய், குறைமாதக் குழந்தையின் சுவாசக் குழாய் என்று உயிர் காக்க நாம் உடலுக்குள் வைக்கும் ஒவ்வொரு பொருளும் கிருமிக்கு ஓர் ஆற்றங்கரைக் கல்தான். அதனால்தான் மருத்துவர் பல நேரங்களில் மருந்தை மாற்றாமல் குழாயை மாற்றுகிறார், அல்லது எடுத்துவிடுகிறார்.

ஆய்வகத்தில் கல்ச்சர் பரிசோதனை செய்து, ‘இந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும்’ என்று அறிக்கை வருகிறது. மருந்து கொடுத்தும் நோயாளிக்கு குணமில்லை. உறவினர்கள் அறிக்கை பொய் என்றோ மருந்து போலி என்றோ நினைக்கிறார்கள். அறிக்கை உண்மைதான். ஆனால் அது மிதக்கும் கிருமியைப் பற்றிய உண்மை.

தாக்குப்பிடிப்பிலிருந்து எதிர்ப்புத்திறனுக்கு

இரண்டும் வேறு வேறு என்றேன். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழி இருக்கிறது. படலத்தில் பல வகை பாக்டீரியாக்கள் உடலோடு உடல் ஒட்டிக் கிடக்கின்றன. பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையங்களை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ள இது வசதியான இடம். சாகாமல் திரும்பத் திரும்ப அரைகுறை மருந்தில் நனையும் கூட்டத்தில், தற்செயலாக எதிர்ப்பு மரபணு பெற்ற ஒன்று மட்டும் பெருகுகிறது. முதலில் உறங்கித் தப்பியது, பிறகு விழித்திருந்தே தப்பக் கற்றுக்கொள்கிறது.

2019ஆம் ஆண்டில் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் நேரடிக் காரணமாக இருந்த இறப்புகள் உலக அளவில் 12 லட்சத்து 70 ஆயிரம் என்று லான்செட் இதழ் 2022இல் வெளியிட்ட கணக்கு சொல்கிறது. இதில் பெரும் பங்கு யாருக்கு? பச்சிளங்குழந்தைக்கு, முதியவருக்கு, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்கு, தீக்காயம் பட்டவருக்கு. நமக்கு வந்த சாதாரணச் சளிக்கு நாம் தேவையில்லாமல் விழுங்கிய மாத்திரையின் விலையை, நமக்கு முகம் தெரியாத ஒரு குழந்தை மருத்துவமனையில் கொடுக்கிறது.

நாடு கைகட்டி நிற்கவில்லை. 2012இல் மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி ஒரு செயல்திட்டத்தை முன்வைத்தன. அது சென்னைப் பிரகடனம் என்று அறியப்படுகிறது. 2014 மார்ச் முதல், அட்டவணை எச்-1இல் சேர்க்கப்பட்ட முக்கிய ஆன்டிபயாடிக்குகளை விற்கும் கடைக்காரர், மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2016இல் மாத்திரை அட்டையில் உள்ள சிவப்புக் கோட்டைக் கவனிக்கச் சொல்லும் பிரசாரம் தொடங்கியது. கோபன்ஹேகன் குழந்தைகளுக்குக் கொடுத்த அதே கோலிஸ்டின், இன்று வேறெந்த மருந்துக்கும் கட்டுப்படாத கிருமிகளுக்கு எதிரான கடைசி ஆயுதங்களில் ஒன்று. அதைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019இல் இந்திய அரசு தடை செய்தது. சட்டங்கள் இருக்கின்றன. கடைக்குப் போகும் பிள்ளைக்கு அந்தச் சிவப்புக் கோடு என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லித்தர வேண்டியவர்கள் நாம்தான்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

மூன்று செயல்பாடுகள் சொல்கிறேன். மூன்றுக்கும் செலவில்லை.

ஒன்று, தட்டுச் சோதனை; தொடக்க வகுப்புகளுக்கு. இரண்டு எவர்சில்வர் தட்டுகளில் குழைந்த சோற்றைப் பூசிக் காயவிடுங்கள். ஒன்றைச் சோப்பு நீரில் முக்கி எடுக்க மட்டும் செய்யுங்கள். மற்றொன்றை அதே நீரில் நாரால் தேயுங்கள். பிள்ளைகளே முடிவைச் சொல்வார்கள். அங்கிருந்து பல் துலக்குவதற்கும், தண்ணீர் பாட்டிலைப் பிரஷ் போட்டுக் கழுவுவதற்கும், கை கழுவும்போது 20 நொடி தேய்ப்பதற்கும் நேராகப் போய்விடலாம். சர்க்கரை தின்றால் பல்லில் உள்ள கிருமி அதையே பசையாகவும் அமிலமாகவும் மாற்றும் என்பதையும் அப்போதே சொல்லலாம்.

இரண்டு, ஓடிப்பிடித்து விளையாட்டு. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை. இருவர் ‘மருந்து’, மற்ற எல்லாரும் ‘கிருமி’. விதி ஒன்றே: அசைகிறவரை மட்டும்தான் மருந்து தொடலாம். முதல் சுற்றில் எல்லாரும் ஓடட்டும். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் பிடிபடுவார்கள். இரண்டாம் சுற்றில் கூட்டமாக நிற்கட்டும். வெளியே இருப்பவர் குதித்துக்கொண்டும், நடுவில் இருப்பவர் அசையாமல் குந்தியும் இருக்கட்டும். வெளியாட்கள் பிடிபடுவார்கள், நடுவில் உள்ளவர் தப்புவார்கள். விசில் ஊதியதும் மருந்து வெளியேற வேண்டும். இப்போது தப்பிய ஒவ்வொருவரும் எழுந்து, பிடிபட்டவர்களில் இருவரை அழைத்து வரலாம். கொஞ்ச நேரத்தில் கூட்டம் பழையபடி நிறையும். பிறகு கேளுங்கள்: தப்பியவன் பலசாலியா? இல்லை, உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். இதுதான் தாக்குப்பிடித்தல். மூன்றாம் சுற்றில் ஒருவரிடம் மட்டும் ஒரு வண்ண அட்டை கொடுங்கள். அது இருப்பவரை, ஓடினாலும் மருந்து தொட முடியாது. பக்கத்தில் இருப்பவருக்கு அட்டையைப் படியெடுத்துக் கொடுக்கலாம். இதுதான் எதிர்ப்புத்திறன். பத்தாம் வகுப்பு மாணவரும் குழம்பும் வேறுபாடு, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு விளையாட்டில் புரிந்துவிடும்.

மூன்று, வீட்டுக் கணக்கெடுப்பு, உயர்நிலை வகுப்புகளுக்கு. வீட்டிலுள்ள காலி மாத்திரை அட்டைகளைப் பார்த்து, சிவப்புக் கோடு உள்ளவை எத்தனை, அவற்றில் மருத்துவர் சீட்டுடன் வாங்கியவை எத்தனை என்று எழுதி வரச் சொல்லுங்கள். யாருக்கு என்ன நோய் என்று கேட்க வேண்டாம், எண்ணிக்கை போதும். நவம்பர் 18 முதல் 24 வரை உலக நுண்ணுயிர் எதிர்ப்புத்திறன் விழிப்புணர்வு வாரம். வகுப்பின் மொத்தக் கணக்கை அந்த வாரம் காலை வணக்கக் கூட்டத்தில் மாணவர்களே வாசிக்கட்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. உருளைக்கிழங்குத் துண்டிலோ அகர் தட்டிலோ வகுப்பறையில் பாக்டீரியா வளர்க்க வேண்டாம். எது வளர்கிறது என்று நமக்குத் தெரியாது. வளர்ந்ததைப் பாதுகாப்பாக அழிக்கும் வசதியும் பள்ளியில் இருக்காது.

இடைவேளையில் ஓர் ஆசிரியை கேட்டார்: ‘சார், மாத்திரையை முழு நாளும் சாப்பிடணும்னு பிள்ளைங்ககிட்ட சொல்றோம். இப்போ குறைஞ்ச நாளே போதும்னும் சொல்றாங்களே, எது சரி?’ நல்ல கேள்வி. சில தொற்றுகளுக்கு முன்பு நினைத்ததைவிடக் குறைந்த நாள் போதும் என்று ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மை. காசநோய், எலும்புத் தொற்று போன்றவற்றுக்கு மாதக்கணக்கில் வேண்டும் என்பதும் உண்மை. எத்தனை நாள் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். எனவே பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: நாமாகத் தொடங்கக் கூடாது, நாமாக நிறுத்தக் கூடாது, மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்கக் கூடாது, அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது.

நிறைவாக ஒன்று. உங்கள் வகுப்பில் சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை இருக்கலாம். புற்றுநோய்ச் சிகிச்சை முடித்துத் திரும்பிய பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளையின் பக்கத்து இருக்கைக்காரன் இருமும்போது வாயை மூடுவதும், கையைத் தேய்த்துக் கழுவுவதும், சளிக்குத் தானாக மாத்திரை விழுங்காமல் இருப்பதும் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் உதவி. கிருமிகள் கூடி வாழ்ந்து தம்மைக் காத்துக்கொள்கின்றன. நம்மில் பலவீனமானவரைக் காக்க நாமும் கூடித்தான் வேலை செய்ய வேண்டும். நாளை முதல் பாடவேளையில் அந்தத் தண்ணீர் பாட்டிலிலிருந்தே தொடங்குங்கள்.